பெப்டைடு ஜெல்லில் கீமோ மருந்து: உறைய வைப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

நோன்புக் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவார்கள். காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் துண்டு போடுகிற பதத்துக்கு உறைந்துவிடும். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் பாசிச் சங்கிலிகள் வலை பின்னி அவ்வளவு தண்ணீரையும் ஓடவிடாமல் பிடித்துவைக்கின்றன. பெப்டைடு ஜெல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது, வலை பின்னும் ஆள்தான் வேறு. அமினோ அமிலங்களை இரண்டு, எட்டு, பதினாறு என்று கோத்த சிறு துண்டுகள் தாமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நாராகின்றன, நார்கள் பின்னி வலையாகின்றன. அந்த வலைக்குள் கீமோ மருந்தை வைத்தால் அது ஒரேயடியாக வெளியேறாமல் மெல்ல மெல்லக் கசியும்.

காட்பாடி, சேர்க்காடு, வேலூர்க் கல்லூரிகளில் எம்.பார்ம்., எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. ஜெல் உறைய வைப்பது அரை மணி நேர வேலை. அதற்குள் போட்ட 100 மைக்ரோகிராம் மருந்து எங்கெங்கே போனது என்று கணக்குக் காட்டுவதற்குத்தான் மீதி ஆறு மாதமும் ஆகும். அதனால் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்து இப்போது எங்கே இருக்கிறது?

ஏன் இந்தப் பாடு?

டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு வழியே ஏற்றினால் புற்றுக்கட்டிக்கும் போகும், இதயத் தசைக்கும் போகும். இதயம் கெட்டுப்போகும் அபாயம் இருப்பதால்தான் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்தே உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி.க்கு மேல் போகாமல் மருத்துவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மருந்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெல்லில் வைத்துவிட்டால் ரத்தத்தில் கலப்பது குறையும், கட்டிக்குக் கிடைப்பது கூடும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

இது எந்த அளவுக்கு நிஜமாகியிருக்கிறது என்பதை மிகைப்படுத்தாமல் தெரிந்துகொள்வது நல்லது. லான்ரியோடைடு என்ற மருந்து தானே ஒரு பெப்டைடு. தண்ணீரில் தானாகவே நுண்குழாய்களாக அடுக்கி ஜெல்லாகிவிடும். ஆழத் தோலடி ஊசியாகப் போட்டால் நான்கு வாரம் தாங்கும். ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. ஆர்ஏடிஏ16 என்ற பதினாறு அமினோ அமிலப் பெப்டைடு அறுவைச் சிகிச்சையில் ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுகிறது. மைட்டோமைசின் என்ற கீமோ மருந்தைச் சுமக்கும் ஒரு ஜெல்லுக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அது பாலிமர் ஜெல், பெப்டைடு அல்ல. இங்கே நீங்கள் செய்யப்போகும் வகை, அதாவது வழக்கமான கீமோ மருந்தைப் பெப்டைடு வலைக்குள் அடைப்பது, இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் இருக்கிறது. சிகிச்சைக்காக வேலூர் வந்து விடுதி எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இப்படி ஒரு ஜெல் சிகிச்சை இருப்பதாக யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதற்குப் பதிவெண் இருக்கிறதா என்பதுதான்.

எந்தப் பெப்டைடு?

புதியவர்களுக்கு எஃப்மாக்-டைஃபீனைலலனின் போதும். இரண்டே இரண்டு ஃபீனைலலனின், தலையில் எஃப்மாக் எனப்படும் வளையங்கள் கொண்ட ஒரு வேதிக் கூட்டம், மூலக்கூறு எடை 534.6. 2006இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதன் ஜெல்லை வெளியிட்டன. அதற்குப் பிறகு எவ்வளவோ பேர் செய்து பார்த்த பொருள் என்பதால் தவறு நேர்ந்தால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். விலை ஆர்ஏடிஏ16ஐ விட மிகக் குறைவு. குறை ஒன்று உண்டு. அந்த எஃப்மாக் தலை உடம்புக்கு ஏற்றதா என்பது தீராத கேள்வி. எனவே இதைத் தொழில் பழகும் ஜெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வறிக்கையில் "நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும்" என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் மாட்டுவீர்கள்.

எந்த மருந்து?

பலர் விலையைப் பார்த்து 5-ஃப்ளூரோயுரேசிலை எடுப்பார்கள். முதல் ப்ராஜெக்டுக்கு வேண்டாம். இரண்டு காரணம். அது எடை 130 மட்டுமே உள்ள, நீரில் கரையும் சின்ன மூலக்கூறு. பெரிய கண் வலையில் சின்ன மீன் போல ஜெல்லிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். அது ஒளியை உறிஞ்சும் உச்சம் 266 நானோமீட்டர். எஃப்மாக் உறிஞ்சுவதும் 265ஐ ஒட்டித்தான். ஜெல்லிலிருந்து கொஞ்சம் பெப்டைடு கரைந்து வந்தாலும் யூவி கருவி அதையும் மருந்தாகவே எண்ணும். "120 சதவீதம் மருந்து வெளியானது" என்று வரைபடம் வருவது இப்படித்தான். கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி கைவசம் இருந்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் ஒழிய இந்த ஜோடி கூடாது.

டாக்ஸோரூபிசின் ஹைட்ரோகுளோரைடு சிவப்பு நிறம். 480 நானோமீட்டரில் படிக்கலாம், அங்கே எஃப்மாக் தலையிடாது. நடுநிலை பிஎச்சில் மருந்துக்கு நேர்மின்னூட்டம், பெப்டைடின் வால் பக்கம் எதிர்மின்னூட்டம். இரண்டிலும் வளைய அமைப்புகள் இருப்பதால் நாரோடு ஒட்டியும் நிற்கும். கண்ணாலேயே மருந்து நகர்வதைப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

தண்ணீர்: இந்த ஊரில் முதல் எதிரி

பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் இது. எஃப்மாக்-டைஃபீனைலலனினுக்குக் கால்சியம் என்றால் தனிப் பற்று. இரண்டு பெப்டைடுகளின் வால்களை ஒரு கால்சியம் அயனி சேர்த்துக் கட்டிவிடும். விளைவு: கரைக்கும்போதே திரிதிரியாக உறையும், இல்லையென்றால் ஒரு நாள் கெட்டியாகவும் மறுநாள் தளர்வாகவும் வரும். ஆய்வுக்கூடத்து ஆர்.ஓ. கேன் தண்ணீரும் ஆகாது. மின்தடை எண் 18.2 மெகாஓம் செ.மீ. காட்டும் மிகத்தூய நீர் எடுங்கள். உங்கள் துறையில் அந்தக் கருவி இல்லையென்றால் பக்கத்துத் துறையில் கேட்டு ஒரு லிட்டர் வாங்கி வந்து கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கண்ணாடிப் பொருள்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகு மிகத்தூய நீரில் மூன்று முறை அலசுவதையும் விடாதீர்கள். உலர்ந்த பின் வயலில், அதாவது சிறு கண்ணாடிக் குப்பியில், வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுவும் கால்சியம்தான்.

வெயில் இரண்டாவது எதிரி. பெப்டைடு பார்சலைச் சென்னையிலிருந்து அனுப்பச் சொல்லும்போது வியாழன், வெள்ளியில் அனுப்பச் சொல்லாதீர்கள். ஞாயிறு முழுவதும் கூரியர் கிடங்கில் வேகும். வந்ததும் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். எடுக்கும்போது புட்டியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், அரை மணி நேரமாவது. ஐப்பசி மழையில் குளிர்ந்த புட்டியைச் சட்டென்று திறந்தால் உள்ளே பனி படிந்து, அடுத்த முறை நீங்கள் நிறுப்பது பெப்டைடும் தண்ணீரும் கலந்த ஒன்றாக இருக்கும்.

கை வைக்கும் முன்

டாக்ஸோரூபிசின் செல்லின் டிஎன்ஏவைத் தாக்கும் மருந்து. உங்கள் செல்லுக்கும் அது விதிவிலக்குக் கொடுக்காது. தூளாக வாங்குவதைவிடக் கரைசலாக வாங்குவது நல்லது. தூளாகவே வந்தால் ஃபேன் ஓடும் திறந்த மேசையில் நிறுக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள், இரட்டைக் கையுறை, முன்பக்கம் மூடிய கவுன், கண்ணாடி போட்டு வேலை செய்யுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இந்த வேலையைத் தொடக் கூடாது. மேசையில் பிளாஸ்டிக் அடித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். சிந்தினால் சிவப்பாகத் தெரியும் என்பது இந்த மருந்தின் ஒரே நற்குணம். உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்து, பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடைத்தால் நிறம் வெளுக்கும். நிறம் போகும்வரை துடைத்து, கடைசியாகத் தண்ணீரில் துடையுங்கள்.

ஒளி பட்டாலும் மருந்து சிதையும். எல்லா வயலுக்கும் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

ஜெல் உறைய வைத்தல்

இரண்டு வழி உண்டு. ஒன்று, காரத்தில் கரைத்துப் பிஎச்சை மெல்ல இறக்குவது. இதற்கு 5 மி.கி. பெப்டைடுக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மைக்ரோலிட்டர் அளவு தேவைப்படும். தெளிந்த பிறகு ஜிடிஎல் எனப்படும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன் சேர்த்தால் அது நீரில் மெதுவாக அமிலமாகி, பாலில் உறை ஊற்றியது போல எல்லா இடத்திலும் ஒரே சீராக உறைய வைக்கும். அழகான ஜெல் வரும். ஆனால் டாக்ஸோரூபிசினுக்கு இது ஆகாது. அந்தக் காரக் கரைசலில் மருந்தைப் போட்ட நொடியிலேயே சிவப்பு ஊதாவாக மாறும், மருந்து சிதையத் தொடங்கும். ஊதா நிறம் தெரிந்தால் அந்த வயலைக் கழிவில் போடுங்கள். திரும்ப அமிலம் சேர்த்துச் சிவப்பாக்கிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அதனால் நமக்கு இரண்டாவது வழி: கரைப்பான் மாற்றம். பெப்டைடு டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. டிஎம்எஸ்ஓ கரைசல் மீது தண்ணீர் வந்ததும் பெப்டைடுகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நாராகும்.

ஒரு வயலுக்கு அரை மி.லி. ஜெல், அதில் 100 மைக்ரோகிராம் மருந்து என்ற கணக்கில் சொல்கிறோம்.

1. 25 மி.கி. பெப்டைடை 250 மைக்ரோலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓவில் கரையுங்கள். பத்து வயலுக்குப் போதும். தூள் பஞ்சு போலப் பறக்கும், நிலைமின்னூட்டத்தில் ஸ்பேச்சுலாவில் ஒட்டும். வயலையே தராசில் வைத்து அதற்குள் நேரடியாக நிறுங்கள். கரைசல் கண்ணாடி போல் தெளிய வேண்டும். கலங்கலாக இருந்தால் டிஎம்எஸ்ஓ ஈரம் குடித்திருக்கிறது, புதிய புட்டி எடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் டிஎம்எஸ்ஓ கல்லாகிவிடும், 18.5 டிகிரியில் உறையும் பொருள் அது. இந்தக் கரைசலை அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

2. மருந்தை மிகத்தூய நீரில் மி.லி.க்கு 2 மி.கி. என்று கரைத்து வையுங்கள். பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் பாஸ்பேட் பஃபரில் இவ்வளவு அடர்த்தியாகக் கரைக்க முயலாதீர்கள். மருந்து திரண்டுவிடும்.

3. நான்கு வயலுக்கு: மருந்துக் கரைசல் 200 மைக்ரோலிட்டர், நீர் 1.7 மி.லி. கலந்தால் 1.9 மி.லி. அதில் 475 மைக்ரோலிட்டரில் சரியாக 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கும்.

4. 5 மி.லி. கொள்ளும், அடி தட்டையான கண்ணாடி வயலின் நடுவில் பெப்டைடுக் கரைசல் 25 மைக்ரோலிட்டர் விடுங்கள். டிஎம்எஸ்ஓ கொழகொழவென்று பைப்பெட் முனையிலேயே தங்கும். இரண்டு மைக்ரோலிட்டர் தங்கினாலே எட்டு சதவீதப் பிழை. கொஞ்சம் கூடுதலாக இழுத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்தி விடும் முறையைப் பழகுங்கள்.

5. அதன்மேல் 475 மைக்ரோலிட்டர் மருந்து நீரை ஒரே வீச்சில் விட்டு, சுழற்றிக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவியில் மூன்று நொடி வைத்து, உடனே சமதளத்தில் வைத்து மூடுங்கள். அதற்குப் பிறகு தொடக் கூடாது.

மருந்தில்லாத வெற்று ஜெல்லைப் பார்த்தால் நடப்பது தெளிவாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் வயல் முழுவதும் மோர் போல வெளுக்கும். புதியவர்கள் இங்கேதான் பதறி மறுபடி குலுக்குவார்கள். குலுக்காதீர்கள். அந்த வெண்மை சிறு உருண்டைகள். ஓரிரு நிமிடத்தில் அவை நாராக நீளத் தொடங்கும், கலங்கல் ஓரத்திலிருந்து விலகும், பின்னால் பிடித்த எழுத்து தெரியும் அளவுக்குத் தெளியும். அந்த நேரத்தில் குலுக்கினால் பின்னிக்கொண்டிருக்கும் நார் அறுந்து, தண்ணீரும் திட்டும் தனித்தனியாகத் தெரியும் தயிர் போலாகிவிடும். ஒரு மணி நேரம் விட்டு வயலைக் கவிழ்த்துப் பாருங்கள். இதே கணக்கில் ஜெல்லில் பெப்டைடு 0.5 சதவீதம், டிஎம்எஸ்ஓ 5 சதவீதம்.

வராவிட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். தெளியவே இல்லையென்றால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீரில் உப்பு. அடியில் கெட்டி, மேலே நீர் என்றால் வோர்டெக்ஸ் போதவில்லை. காலையில் செய்தது ஒரு மாதிரி, மே மாத மதியம் மின்வெட்டில் செய்தது வேறு மாதிரி என்றால் வெப்பம்: எல்லாக் கரைசலையும் வயலையும் 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்த பிறகே கலக்குங்கள். சில நாள் கழித்து ஜெல்லுக்குள் வெள்ளை ஊசிகள் தெரிந்தாலோ, ஜெல் சுருங்கி ஓரத்தில் தண்ணீர் விட்டாலோ வலை படிகமாக மாறுகிறது என்று பொருள். அந்த ஜெல்லில் எடுத்த அளவீடு செல்லாது. எத்தனை நாள் தாங்குகிறது என்பதையே ஒரு முடிவாகக் குறித்து வையுங்கள்.

கவிழ்த்தால் விழவில்லை என்பது ஒரு முதல் பார்வை மட்டுமே. ஜெல்லின் விறைப்பை அளக்கும் ரியோமீட்டர் கிடைத்தால் 10 ரேடியன்/நொடியில், திரிபு (ஜெல்லை உருக்குலைக்கும் அளவு) 0.1 முதல் 100 சதவீதம் வரை ஓட்டிப் பாருங்கள். திடப்பொருள் போன்ற விறைப்பைக் காட்டும் சேமிப்புக் குணகம், திரவம் போன்ற ஓட்டத்தைக் காட்டும் இழப்புக் குணகத்தைவிடச் சுமார் பத்து மடங்கு உயர்ந்திருந்தால் உண்மையான ஜெல். ஊசி வழியே செலுத்தும் எண்ணம் இருந்தால் 100 சதவீதத் திரிபில் உடைத்து, மறுபடி 0.5 சதவீதத்துக்கு இறக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். வயலிலிருந்து கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்தால் அப்போதே பாதி உடைந்திருக்கும். தட்டின் மீதே உறையவிடுவதுதான் சரி. ஓரத்தைச் சுற்றி ஈரப்பஞ்சு வைத்து மூடாவிட்டால் வெயில் காலத்தில் அரை மணியில் காய்ந்து, குணகம் தானாக ஏறும். நீங்கள் ஜெல் வலுப்பெறுகிறது என்று எழுதிவைப்பீர்கள்.

மருந்து வெளியேறுவதை அளத்தல்

இதுதான் இந்த வேலையின் உயிர். அவசரப்படுபவர்கள் எல்லோரும் தவறுவதும் இங்கேதான்.

ஒன்பது வயல் வேண்டும். மருந்து ஜெல் மூன்று, மருந்தில்லா ஜெல் மூன்று, ஜெல் இல்லாத மருந்துக் கரைசல் மூன்று. கடைசி மூன்றைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். டாக்ஸோரூபிசின் 37 டிகிரியில், பிஎச் 7.4இல், நாள்கணக்கில் தானாகவே சிதையும். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஜெல் இல்லாத வயலில் மூன்றாம் நாள் 100இல் 80தான் இருக்கிறது என்றால், ஜெல் வயலில் காணாமல் போன 20ஐ "ஜெல் பிடித்துவைத்திருக்கிறது" என்று எழுத முடியாது.

ஒவ்வொரு வயலிலும் 37 டிகிரிக்குச் சூடாக்கிய பாஸ்பேட் பஃபர் 2 மி.லி.யைச் சுவரோரமாக, ஜெல்லின் தலையில் குழி விழாமல் விடுங்கள். தூய நீரில் உறைந்த இந்த ஜெல் அமிலப் பக்கம் இருக்கும். பஃபர் மேலே வந்ததும் அதன் தோல் பகுதி 7.4ஐ நோக்கி நகர்ந்து கொஞ்சம் கரையவும் செய்யும். முதல் அரை மணி நேரத்தில் வரும் மருந்தில் ஒரு பங்கு இப்படி வருவதுதான், ஊடுருவி வந்தது அல்ல. மருந்தில்லா ஜெல் வயல்கள் இதற்குத்தான் சாட்சி: அதன் பஃபரை 300 நானோமீட்டரில் படித்தால் எவ்வளவு பெப்டைடு கரைந்தது என்று தெரியும்.

0.5, 1, 2, 4, 8, 24, 48, 72 மணிகளில் 0.5 மி.லி. எடுத்து, அதே அளவு புதுப் பஃபர் விடுங்கள். எடுத்ததை 480 நானோமீட்டரில் படியுங்கள். ஒரு செ.மீ. குவெட்டில் (மாதிரி ஊற்றும் சதுரக் குழாயில்) மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் ஏறத்தாழ 0.2 காட்டும். உங்கள் அளவுகோல் (தெரிந்த அளவு மருந்தைப் படித்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) இதிலிருந்து வெகுதூரம் விலகினால் மூலக்கரைசலைச் சந்தேகப்படுங்கள். அளவுகோலுக்கு மி.லி.க்கு 2, 5, 10, 20, 40 மைக்ரோகிராம் போதும். அதே பஃபரில், அதே 37 டிகிரியில் செய்யுங்கள். ஒளிர்வு அளக்கும் கருவி என்றால் மாதிரியை நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். அடர்த்தி கூடினால் இந்த மருந்து தன் ஒளியைத் தானே விழுங்கும், அதிகம் இருக்கும்போது குறைவாகக் காட்டும்.

கூட்டல் எப்படி என்று ஒரு முறை பார்த்துவிடலாம். அரை மணியில் மி.லி.க்கு 6 மைக்ரோகிராம் என்றால் 2 மி.லி.க்கு 12. ஒரு மணியில் 8 என்றால் 16. ஆனால் முதல் முறை எடுத்த 0.5 மி.லி.யோடு 3 மைக்ரோகிராம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ஆகவே ஒரு மணியில் வெளியேறியது 19, அதாவது 19 சதவீதம். இந்த மூன்றைக் கூட்ட மறந்தவர்களின் வரைபடம் எட்டாவது மணிக்குப் பிறகு கீழே இறங்கும். வெளியேறிய மருந்து மறுபடி ஜெல்லுக்குள் நுழைந்ததாகத் தத்துவம் சொல்லத் தேவையில்லை, கூட்டல் பிழை அது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 0.5 மி.லி. ஜெல், 2 மி.லி. பஃபர். பஃபரை மாற்றாமலே வைத்திருந்தால், நார் மருந்தைத் துளியும் பிடிக்காத ஜெல்லிலும் மருந்து 2.5 மி.லி.யில் சமமாகப் பரவி, வெளியே 80 சதவீதத்தில் நின்றுவிடும். அந்தச் சமநிலையைப் பார்த்து "20 சதவீதத்தை ஜெல் பிணைத்துள்ளது" என்று எழுதுவது அபத்தம். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு முறையும் 2 மி.லி.யையும் முழுதாக மாற்றி ஒரு தொகுதி செய்து ஒப்பிடுங்கள். கணக்கும் சுலபமாகும்.

ஜெல்லின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். 16 மி.மீ. உள்விட்டமுள்ள வயலில் அரை மி.லி. சுமார் 2.5 மி.மீ. உயரம் நிற்கும். ஊடுருவலில் உயரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். குறுகலான குழாயில் செய்த இன்னொருவரின் முடிவோடு உங்கள் முடிவை உயரம் பார்க்காமல் ஒப்பிட்டால் உங்கள் ஜெல் வீணானது என்றோ அற்புதமானது என்றோ தவறாகத் தோன்றும்.

இன்குபேட்டர் மின்வெட்டில் நிற்கும், மே மாதத்தில் நின்ற பிறகும் உள்ளே 37ஐத் தாண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, ஒவ்வொரு மாதிரி எடுக்கும்போதும் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் போடாவிட்டால் மூன்று நாளில் பஃபர் வற்றி, மருந்து அடர்த்தியாகத் தெரியும்.

கணக்கு முடித்தல்

72ஆம் மணியில் பஃபரை முழுதாக எடுத்த பிறகு, மிஞ்சிய ஜெல்லை டிஎம்எஸ்ஓ 2 மி.லி. விட்டுக் கரைத்து அதிலுள்ள மருந்தையும் படியுங்கள். இதற்குத் தனி அளவுகோல் தேவை. டிஎம்எஸ்ஓவில் மருந்தின் நிறப்பட்டை பஃபரில் இருப்பதுபோல் இருக்காது. பிறகு காலி வயலையும், மாதிரி வைத்திருந்த குழாய்களையும் டிஎம்எஸ்ஓவால் அலசிப் படியுங்கள். வெளியேறியது, மிஞ்சியது, சுவரில் ஒட்டியது மூன்றையும் கூட்டினால் போட்ட 100இல் 90 முதல் 110க்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் சிதைவைக் காட்டும் ஜெல் இல்லாத மருந்து வயல்களைப் பார்த்துத் திருத்துங்கள். அதன் பின்னும் வரவில்லையென்றால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தொகுதியை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

கணக்கு நேரான பிறகே ஹிகுச்சி, கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் என்று மருந்து வெளியேறும் விதத்தைச் சமன்பாட்டில் சொல்லும் கணித மாதிரிகளுக்குப் போங்கள். பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியேற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். 72 மணி நேரப் புள்ளிகள் எல்லாவற்றையும் அதற்குள் திணித்து அடுக்கெண் எடுக்கும் பழக்கம் நம் பக்கத்து ஆய்வேடுகளில் சாதாரணமாகிவிட்டது. தட்டை ஜெல்லுக்கு 0.5 வந்தால் ஊடுருவல். ஒரே பக்கம் திறந்த வயல் ஜெல்லுக்கு உருளைக்குரிய 0.45ஐப் போடாதீர்கள்.

செல் சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5 சதவீத டிஎம்எஸ்ஓ தானே செல்லைக் கொல்லும். பஃபரால் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். கழுவும்போது மருந்தும் போகும். அந்தக் கழுவுநீரையும் படித்து, மிஞ்சிய அளவையே செல்லுக்குக் கொடுத்ததாக எழுதுங்கள். கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் கூடாது. கரைசல்களைத் தனித்தனியே வடிகட்டுங்கள். டிஎம்எஸ்ஓ கரைசலுக்குச் செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டி வைத்தால் வடிகட்டியே கரைந்து ஜெல்லுக்குள் வரும், பிடிஎஃப்இ வகை எடுங்கள். மருந்து வடிகட்டியிலும் ஒட்டும் என்பதால் வடிகட்டிய பின் ஒரு முறை 480இல் படித்து அளவைத் திருத்துங்கள். எலிச் சோதனை என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கையில் வராமல் பெப்டைடைக்கூட வாங்காதீர்கள்.

வேலை முடிந்த வயல், முனை, கையுறை, ஒற்றியெடுத்த தாள் எல்லாம் செல் நச்சுக் கழிவு. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போய், 1200 டிகிரிக்கு மேல் எரிக்கப்பட வேண்டும். கல்லூரிக்கு அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதல் வயலைத் திறப்பதற்கு முன்பே கேளுங்கள். பல துறைகளில் இது கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் சிவப்புக் கரைசல் நிறைந்த புட்டிகள் சிங்க்குக்கு அடியில் பெயர்ச் சீட்டு இல்லாமல் வரிசையாக நிற்கும். அவற்றைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு புட்டியிலும் மருந்தின் பெயர், தோராய அளவு, தேதி எழுதி மூடி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.